நமத்துப்போன முறுக்கும் தம்புராவின் நூலும்: டெக்ஸ்சர் என்றால் என்ன?

கேள்வி இதுதான்: "ஓவிய வகுப்பில் என் படத்தைப் பார்த்துவிட்டு 'டெக்ஸ்சர் வரவில்லை' என்றார்கள். சமையல் போட்டியில் நடுவர் ஒரு வாய் வைத்துவிட்டு 'டெக்ஸ்சர் அருமை' என்கிறார். இசை விமர்சனத்திலும் அதே சொல் வருகிறது. மூன்றும் ஒன்றுதானா, இல்லை வேறு சொல் கிடைக்காமல் இழுத்து ஒட்டியதா? தமிழில் இதற்கு என்ன சொல்வது?"

ஒன்றுதான் என்பது என் பதில். ஒரு பொருள் எதனால் ஆனது என்பது ஒரு கேள்வி. அதன் கூறுகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவதற்கான விடைதான் டெக்ஸ்சர். அதை விரலும் அறியும், நாக்கும் பல்லும் அறியும், தொடாமலே கண் அறியும், காதும் அறியும். பாடப்புத்தகங்கள் "மேற்பரப்பின் சொரசொரப்பு அல்லது வழவழப்பு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மை. மேற்பரப்பில் தெரிவது, உள்ளே இருக்கும் பின்னலின் முகம்.

சொல் பிறந்த இடமே தறிதான். லத்தீனில் 'டெக்ஸெரே' என்றால் நெய்தல். டெக்ஸ்டைல், டெக்ஸ்ட், டெக்ஸ்சர் மூன்றும் அந்த ஒரே வேரிலிருந்து வந்தவை. நமக்கு இதில் வியப்பு வேண்டாம். தமிழில் நூல் என்றால் தையல் நூலும்தான், திருக்குறளும்தான். பனுவல் என்ற சொல்லும் அப்படியே. நன்னூலின் பாயிரத்தில் ஒரு வெண்பா இருக்கிறது: சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கும் பெண், அவன் வாய்தான் அவள் கை, அறிவுதான் கதிர் என்று நூல் நூற்பதையும் நூல் இயற்றுவதையும் ஒரே வேலையாக்கிக் காட்டும். எல்லாவற்றிலும் நீக்கமறக் கலந்திருப்பதை இன்றும் "ஊடும் பாவுமாக" என்றுதான் சொல்கிறோம். பாவு நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழை, ஊடை குறுக்கே ஓடும் இழை.

இங்கேயே ஒரு சோதனை செய்துவிடலாம். வேட்டி, ஜமக்காளம், தேங்காய்ப்பூத் துண்டு. மூன்றும் பருத்திதான். வேட்டியில் மெல்லிய இழை ஒன்றுக்கு மேல் ஒன்று கீழ் என்று நேராகக் கடக்கிறது. ஜமக்காளத்தில் தடித்த ஊடை நெருக்கி அடித்து, பாவையே மறைத்துவிடுகிறது. துண்டில் இழையைத் தளரவிட்டுச் சுருள் சுருளாக எழுப்பிவிடுகிறார்கள். அந்தச் சுருளைப் பார்த்து யாரோ ஒருவருக்குத் துருவிய தேங்காய் ஞாபகம் வந்திருக்கிறது. துணியின் டெக்ஸ்சருக்குச் சமையலறையிலிருந்து பெயர் எடுத்த அந்த முகம் தெரியாத ஆளுக்குத்தான் உங்கள் கேள்விக்கான விடை முதலில் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

தமிழில் தொடுபுலனுக்கு 'ஊறு' என்று பழைய பெயர் உண்டு. "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்ற குறளில் வருகிற ஊறு அதுதான். இப்போது ஊறு என்றால் கெடுதல் என்று மட்டும் ஆகிவிட்டது. இலக்கண நூல்கள் இந்த ஊற்றை எட்டாகப் பிரிக்கின்றன: வெம்மை, தண்மை, மென்மை, வன்மை, நொய்மை, திண்மை, இழுமெனல், சருச்சரை. சருச்சரை என்பது நம் சொரசொரப்பின் பாட்டி. இழுமெனல் என்பது வழவழப்பு. இந்த இழுமெனல் கொஞ்சம் வேடிக்கையான சொல். தொடுகைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும் இதே சொல், திருமுருகாற்றுப்படையின் கடைசி வரிகளில் "இழுமென இழிதரும் அருவி" என்று ஓசையாக விழுகிறது. தொல்காப்பியம் செய்யுளியலில் 'இழுமென் மொழி' என்று மொழிநடைக்கே போய்விடுகிறது. கைக்கு வழவழப்பு, காதுக்கு இழும். அந்தக் காலத்திலேயே இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை.

இன்னும் பக்கத்தில் உதாரணம் வேண்டுமென்றால் ஒன்றாம் வகுப்புக்குப் போங்கள். க ச ட த ப ற வல்லினம். ங ஞ ண ந ம ன மெல்லினம். எழுத்தை யாராவது தொட்டுப் பார்த்தார்களா? இருந்தும் ஓசைக்கு வன்மை, மென்மை என்று தொடுகையின் பெயரைத்தான் வைத்தார்கள். அருணகிரிநாதரின் வண்ணப் பாடல்களை வாய்விட்டுப் படிப்பவர்களுக்கு இது புத்தக விஷயம் இல்லை, தாடை வலிக்கிற விஷயம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

உணவில் டெக்ஸ்சர் எது என்று புரியவைக்க எனக்குத் தெரிந்த சிறந்த சாதனம் நமத்துப்போன முறுக்கு. டப்பாவின் மூடியைச் சரியாக மூடவில்லை, மழை நாள், மறுநாள் எடுத்துக் கடிக்கிறீர்கள். உப்பு அதே உப்பு. ஓமமும் அதேதான். காரம் குறையவில்லை. காற்றிலிருந்து கொஞ்சம் ஈரம் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது முறுக்கே இல்லை. மொறுமொறுப்பு என்பது உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான நுண்ணறைகளின் காய்ந்த சுவர்கள் பல் பட்டதும் அடுத்தடுத்து உடைவது. ஈரம் ஏறியதும் அந்தச் சுவர்கள் உடையாமல் வளைகின்றன. 'நமத்துப்போதல்' என்ற சொல்லுக்கு இணையாக வேறு மொழியில் ஒரே சொல்லைத் தேடிப் பாருங்கள், லேசில் கிடைக்காது.

மொறுமொறு என்பதே ஓசைச் சொல் என்பதைக் கவனித்திருப்பீர்கள். முறுக்கைப் பல்லால் உணர்கிறோமா, காதால் உணர்கிறோமா? 2004-இல் மாசிமிலியானோ ஸம்பினி, சார்ல்ஸ் ஸ்பென்ஸ் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஆட்களை மைக் முன்னால் உட்காரவைத்து உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கச் சொன்னார்கள். கடிக்கிற சத்தத்தை ஹெட்போன் வழியாக அவர்களுக்கே உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தார்கள். சத்தத்தைக் கூட்டினாலோ அதன் உயர் அதிர்வெண் ஒலிகளை மட்டும் தூக்கிவிட்டாலோ, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். குறைத்தால் பழசு என்றார்கள். இதற்கு 2008-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துவிட்டுச் சிந்திக்கவைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு. எங்கள் தெருப் பாட்டிகளுக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது. பொரி உருண்டைக்குப் பாகு சரியா என்று பார்க்க, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போடுவார்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் இறக்கலாம்.

பாகு என்று ஆரம்பித்துவிட்டதால் அதிலேயே கொஞ்சம் நிற்கிறேன். தமிழ்ச் சமையலறையில் டெக்ஸ்சருக்கு ஒரு முழுக் கல்வியே பாகில் இருக்கிறது. பெரியம்மா தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுவார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர். பாகு முதலில் சளசளவென்று கொதிக்கும், பிறகு நுரைக்கும், பிறகு குமிழ்கள் பெரிதாகிச் சோம்பேறித்தனமாக வெடிக்க ஆரம்பிக்கும். அப்போது கரண்டி நுனியால் ஒரு சொட்டு தண்ணீரில். முதல் சொட்டு கரைந்து ஓடிவிடும். இரண்டாவது அடியில் போய்ப் படியும், விரலால் கூட்டினால் நழுவும். மூன்றாவதோ நான்காவதோ சேரும்; உருட்டினால் உருளும், அழுத்தினால் அமுங்கும். "இறக்கு இறக்கு" என்று அவர் போடும் சத்தத்தில் வீடே ஓடிவரும். அந்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே அரை நிமிடம் இருந்தால் அதிகம். ஒரு வருடம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு வந்தார். அந்த அதிரசங்களைப் பொங்கல் வரைக்கும் கடித்துக்கொண்டிருந்தோம். பதம் முந்தினால் வேறு கதை, அதிரசம் எண்ணெயிலேயே பிரிந்து போய்விடும்.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் சுவாரசியம். வெள்ளைச் சர்க்கரைப் பாகு 112 முதல் 116 டிகிரி செல்சியஸில் மெத்தென்ற உருட்டுப் பதம். அப்போது அதில் ஏறக்குறைய 85 சதவீதம் சர்க்கரை, மிச்சம் தண்ணீர். 149-ஐத் தாண்டினால் கண்ணாடி போல் ஒடியும் பதம். அப்போது சர்க்கரை 99 சதவீதம். சர்க்கரை மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. இரண்டும் எந்த அளவில் சேர்ந்து நிற்கின்றன என்பது மட்டும் மாறுகிறது. நாக்குக்கு அவை வேறு வேறு பண்டங்கள். உருட்டுப் பதத்துக்கு முந்தின கட்டத்தின் பெயர் கம்பிப் பதம். இரு விரலுக்கு நடுவே பாகை வைத்து விலக்கினால் ஒரு இழை நீள வேண்டும். சுற்றிச் சுற்றித் தறிக்கே வருகிறோம் பாருங்கள்.

'பதம்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே சொல்ல முடியாது. அதில் டெக்ஸ்சரும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்னும்போது, இப்போது இறக்கலாமா என்ற கேள்விக்கு விரல் சொல்லும் விடை அது. இட்லிக்கு அரைக்கும்போது உளுந்து வெண்ணெய்ப் பதம், அரிசி ரவைப் பதம் என்று ஒரே கிரைண்டரில் இரண்டு பதம். உளுந்தைப் பொங்கப் பொங்க அரைத்தால்தான் அது இரவில் நுண்ணுயிர்கள் விடும் வாயுவைப் பிடித்து வைக்கும். அரிசியில் கொஞ்சம் கரகரப்பு இருந்தால்தான் வெந்தபின் அந்தக் காற்றறைகள் அமுங்காமல் நிற்கும். அதே மாவு கல்லில் பரந்து ஈரம் பறந்தால் மொறுமொறுவென்று தோசை. சுவையில் இட்லிக்கும் தோசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள், ஆனால் நீங்கள் சண்டை போடுவது பெரும்பாலும் டெக்ஸ்சருக்காகத்தான்.

உணவு விஞ்ஞானத்தில் இதை ஒழுங்குபடுத்தியவர் அலினா ஷெஸ்னியாக். அமெரிக்காவின் ஜெனரல் ஃபுட்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு 1963-இல் ஒரு வகைப்பாடு வெளியிட்டார். கடித்தால் எப்படி எதிர்க்கிறது, துகளும் நாரும் எப்படி அமைந்திருக்கின்றன, ஈரமும் கொழுப்பும் எப்படி உணரப்படுகின்றன என்று மூன்று பக்கம். நல்ல வேலைதான். ஆனால் அவருக்குச் சொற்கள் போதவில்லை. ஆங்கிலத்தில் இந்தத் துறைக்குச் சொல் குறைவு. ஜப்பானிய மொழியில் உணவின் டெக்ஸ்சருக்கு மட்டும் 400-க்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்திருக்கிறார்கள், அவற்றில் பாதிக்கு மேல் நம் இரட்டைக்கிளவி மாதிரியானவை. நம் பட்டியலை யாரும் முழுதாகத் தொகுத்ததாகத் தெரியவில்லை: பொலபொல, கொழகொழ, வழவழ, பிசுபிசு, நறநற, சதசத, சவசவ, தளதள, கொரகொர. உதிரி உதிரியான புளியோதரைக்கும் குழைந்த பொங்கலுக்கும் நடுவே எத்தனை படிகள் என்று ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கேளுங்கள்.

ஓவியத்தில் விஷயம் கொஞ்சம் சிக்கல். ஏனென்றால் அங்கே டெக்ஸ்சர் இரண்டு: கைக்கு உள்ளபடியே கிடைப்பது ஒன்று, கண்ணை ஏமாற்றுவது இன்னொன்று. வான்கோ வண்ணத்தைத் தடிப்பாக அப்பினார். தூரிகை இழுத்த வரப்புகள் அப்படியே காய்ந்து நிற்கின்றன, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் நிழல்கூட விழும். இந்த முறைக்குப் பெயர் இம்பாஸ்டோ. இத்தாலிய மொழியில் அதற்குப் பிசைந்த மாவு என்றும் பொருள். மறுபடியும் சமையலறை! இதற்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு பட்டுப்புடவையின் மினுமினுப்பை வழவழப்பான கேன்வாஸில் வெளிச்சமும் நிழலும் கொண்டே வரவழைப்பது. ரவி வர்மா அதில் மன்னன்.

ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் தாள் தாளாக வந்து நம் ஊர் வீடுகளில் சட்டமேறினார்கள். அச்சில் வந்த சரிகை மினுங்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளிலும் மற்ற இடங்களிலும் என்ன செய்தார்கள் என்றால், படத்தில் இருக்கும் புடவையின் மேல் நிஜத் துணியை வெட்டி ஒட்டினார்கள், கரைக்கு நிஜச் சரிகை, நகைக்கு ஜிகினாவும் மணியும். அத்தகைய படங்களை இன்றும் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். 1912-இல் பாரிஸில் பிக்காஸோ ஒரு படம் செய்தார். பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை வாங்கி ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் நிஜக் கயிற்றைப் போட்டார். கலை வரலாறு அதை ஒரு பெரிய திருப்பம் என்கிறது. ஒரு பக்கம் நெய்யாத பின்னல், அச்சடித்த பொய். அதைச் சுற்றி முறுக்கிய நிஜக் கயிறு. பொய்யான டெக்ஸ்சரைத் தெரிந்தே ஒட்டினார் அவர். நம் ஆச்சிகளோ பொய்யைப் பொறுக்காமல் நிஜத்தை ஒட்டினார்கள். யாருக்குக் கலைக்கூடத்தில் இடம் கிடைத்தது என்ற பேச்சு வேறு.

தஞ்சாவூர் ஓவியம் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. பலகை மேல் துணி, துணி மேல் சுண்ணப்பூச்சு. பிறகு நகை, திருவாசி, தூண் வரும் இடங்களில் சுண்ணத்தூளும் கோந்தும் குழைத்த கலவையை எழுப்பி, அதன் மேல் தங்கத்தாள். முகமும் கையும் தட்டையாகவே இருக்கும். விளக்கொளியில் சாமியின் முகம் அமைதியாக இருக்க, நகை மட்டும் அசைவது போல் தெரிவதற்குக் காரணம் இந்த ஏற்ற இறக்கம்தான். மைசூர் ஓவியத்தில் அந்த எழுப்பம் ரொம்பத் தாழ்வு. பார்வைக்கு அது சாதுவாகத் தோன்றுவது அதனால்.

ஓவியமும் உணவும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட ஒரு பொருளைச் சொல்லாமல் இந்தப் பகுதியை விட முடியாது. 1936-இல் மெரெட் ஓப்பன்ஹைம் என்ற இளம் கலைஞர் ஒரு கோப்பை, சாசர், ஸ்பூன் வாங்கி, மூன்றையும் மான் ரோமத்தால் மூடிவிட்டார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தாலே போதும். உதடும் நாக்கும் தாமாகவே பின்வாங்கும், ஈரமான ரோமம் வாயில் பட்டது மாதிரி ஒரு கூச்சம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ஒன்றை யாரும் தொடவில்லை, குடிக்கவும் இல்லை. கண் பார்த்தது, நாக்கு உணர்ந்தது. பார்வையால் டெக்ஸ்சரை அறிவது என்றால் இதுதான். மாம்பழத்தைப் பார்த்தே கனிந்ததா என்று சொல்கிறோமே, அதே வித்தை.

ஆத்தங்குடிக் கல் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அந்தத் தரையின் வழவழப்புக்கு யாரும் மெருகு போடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கடைசியில் கண்ணாடியை நழுவவிட்டால், கண்ணாடியின் முகம் கல்லுக்கு வந்துவிட்டிருக்கும். செய்த விதம்தான் பரப்பாகத் தெரிகிறது.

இசையில் இந்தச் சொல்லை இரண்டு அர்த்தத்தில் போட்டுக் குழப்புகிறார்கள், அதைப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இசைக் கல்வியில் டெக்ஸ்சர் என்றால் ஒரே நேரத்தில் எத்தனை இழைகள் ஓடுகின்றன, அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது. தனிக்குரல் தாலாட்டு ஒற்றை இழை. ஐரோப்பிய இசைமேதை பாக்கின் ஃபியூக் என்றால் சமமான பல இழைகள். ஒன்று சொன்னதை இன்னொன்று பிடித்துக்கொண்டு ஓடும். ஒரு கிடார்காரர் பாட்டுக்குப் பின்னால் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) மட்டும் வாசித்தால், மேலே ஒரு இழை, கீழே பாய் விரித்த மாதிரி மற்றவை. பேச்சுவழக்கிலோ, குரலின் கரகரப்பையும் வாத்தியத்தின் நாதத்தையும் டெக்ஸ்சர் என்றுவிடுகிறார்கள். முதலாவது துணியின் நெசவு, இரண்டாவது நூலின் முறுக்கு. இரண்டாவதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நூலே இன்னும் சிறிய நார்களின் பின்னல்தானே.

கச்சேரி மேடையை நெசவாகக் கேட்டுப் பாருங்கள். தம்புரா பாவு, ஆரம்பம் முதல் கடைசி வரை அறுபடாமல் ஓடுகிறது. பாடகர் ஊடை. வயலின்காரர் ஆலாபனையில் பாடகரை ஒரு நொடி பிந்தித் தொடர்கிறார். அதே ராகம், அதே பிடி, ஆனால் அச்சு அசலாக அதே அல்ல. ஒரே மெட்டின் இரண்டு சாயல்கள் சற்றே விலகி ஓடுவதால் வரும் அந்தத் தடிப்பைத்தான் நாம் "பக்கவாத்தியம் நன்றாக இழைந்தது" என்கிறோம். மிருதங்கம் தாளத்தை மட்டும் காட்டாமல் சாகித்தியத்தின் வளைவுகளுக்குக் கூடவே போகும். தேர்ந்த வித்வான் சில இடங்களில் கையை எடுத்துவிடுவார். அந்த ஓட்டையும் நெசவில் சேர்ந்ததுதான். தொலைக்காட்சிப் பதிவுகளில் எல்லா மைக்கையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிடும்போது இந்த நெசவு போய், நான்கு பேர் நான்கு பக்கம் பேசுவது மாதிரி ஆகிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது தம்புராவின் நூல். தம்புராவின் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் கட்டை) தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூல்துண்டைச் செருகுவார்கள், அதற்கு ஜீவா என்று பெயர். அது இல்லாமல் மீட்டினால் 'டங்' என்று ஒரு மொட்டை ஒலி. நூலை நகர்த்திக்கொண்டே வந்தால் ஒரு மயிரிழை இடத்தில் தந்தி திறந்துகொள்ளும். ஸட்ஜத்துக்குள்ளிருந்து பஞ்சமமும் காந்தாரமும் மேலே மேலே பூத்து வரும். தந்தி குதிரையின் லேசான வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் நடப்பது அது. சி.வி. ராமன் 1921-இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாதிருக்கும் மேலொலிகள் (அடிச்சுருதியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) கேட்கக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கேட்கின்றன, காரணம் குதிரையின் அமைப்பு என்று காட்டினார். இயற்பியலை விடுங்கள். ஒலியின் டெக்ஸ்சரைத் தீர்மானிப்பது அங்கே அசல் பருத்தி நூல் ஒன்று.

மிருதங்கம் இன்னும் ஒரு படி மேல். வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குத் தொழிலில் சோறு என்றே பெயர். வெறும் பட்டப்பெயர் இல்லை. வடித்த சோற்றையும் ஒருவகைக் கறுப்புக் கல்லின் பொடியையும் சேர்த்து மையாகப் பிசைகிறார்கள். ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். கட்டைவிரலால் ஒரு துளி எடுத்துத் தோலில் தடவி, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். காய்கிறது. மறுபடி ஒரு துளி, மறுபடி தேய்ப்பு. நடுவே விரலால் தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோகிறார், முகம் சுளிக்கிறார், ஓரத்தில் சுரண்டுகிறார். படிவு மேல் படிவாக ஏறிய அந்தச் சோறுதான், வெறும் தோல் தரும் இரைச்சலைச் சுருதியாக்குகிறது. இதையும் ராமன் ஆராய்ந்தார். 1934-இல் வந்த கட்டுரையில், சோற்றின் கனத்தால் தோலின் அதிர்வுகள் ஐந்து ஒத்த சுருதிகளாக ஒழுங்குபடுகின்றன என்று விளக்கினார். இடப்பக்கத் தொப்பிக்கோ, கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்ப வேண்டும். ரவை இளகினால் தொப்பி வழியும், காய்ந்தால் கும்கி என்ற குமுறும் ஒலி எழாது. மேடைக்குப் பின்னால் வித்வான் ரவை பிசைவதைப் பார்த்தால், பெரியம்மா பாகுச் சொட்டை உருட்டின அதே முகபாவம்.

வலந்தலைத் தோல்களுக்கு நடுவே ஈர்க்குச்சித் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம். பொடிக்கல்லைப் போட்டால் கப்பி மிருதங்கம். ரசிகர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது என்பார்கள், ஆனால் எது வாசிக்கிறது என்று தெரியாமலே காதுக்கு ஒன்று கணீரென்றும் ஒன்று கொஞ்சம் பருமனாகவும் படும்.

மெட்டும் தாளமும் இல்லாமல் டெக்ஸ்சரை மட்டுமே வைத்து இசை செய்ய முடியுமா என்று கேட்டால், ருமேனியாவில் பிறந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி 1961-இல் செய்து காட்டினார். ஆர்க்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி இழை, ஆனால் எந்த இழையும் தனியாகக் காதில் பிடிபடாது. மேகம் மெல்ல நிறம் மாறுவதைப் போல ஒலி மாறும். நம் பக்கம் இழைகளைத் தனித்தனியாகக் கேட்கப் பழக வேண்டுமென்றால் இளையராஜாவின் எண்பதுகள் போதும். ஹெட்போனில் குரலை விட்டுவிட்டு பேஸ் கிடாரை மட்டும் ஒரு பாட்டு முழுக்கப் பின்தொடருங்கள். அது இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்.

தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி பாக்கி. ஒற்றைச் சொல் தேடாதீர்கள் என்பேன். உணவுக்குப் 'பதம்' இருக்கும்போது வேறெதுவும் வேண்டாம். வேளாண் பாடங்களில் 'மண் நயம்' என்று எழுதுகிறார்கள், அங்கே அது நிலைத்துவிட்டது. துணிக்கு நெசவு, கல்லுக்கும் சுவருக்கும் பரப்பு. இசையின் நெசவுக்கு 'இழையமைப்பு' சரியாகப் பொருந்தும், குரலுக்குக் கரகரப்பு, குழைவு, கார்வை என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அகராதிக்காக ஒன்று கேட்டால் என் ஓட்டு 'இழை' பக்கம். நூல் இழை, தச்சர் பலகையை இழைக்கிறார், சந்தனம் இழைக்கிறோம், பொன் இழைத்த பதக்கம், சுருதியோடு இழைந்த குரல். ஆளுக்கொரு அர்த்தம் போலத் தெரிந்தாலும், ஒன்றை இன்னொன்றில் சேர்த்தோ தேய்த்தோ ஒன்றாக்குவதுதான் எல்லாவற்றிலும் நடக்கிறது. குழைவும் அப்படியே, சோறும் குழையும், களிமண்ணும் குழையும், குரலும் குழையும்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். "டெக்ஸ்சர் வரவில்லை" என்று ஆசிரியர் சொன்னால் பெரும்பாலும் இதுதான்: சுவர், துணி, தோல், இலை எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில், ஒரே மாதிரித் தூரிகை ஓட்டத்தில் நிரப்பியிருப்பீர்கள். பொருள்கள் சரியாக இருக்கும், நெசவு ஒன்றாகவே இருக்கும். வண்ணத்தைத் தடிப்பாக அப்பினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காரை பெயர்ந்த பழைய சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாலை ஐந்து மணிக்கு முன்னால் போய் உட்காருங்கள், வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் ஒரு நூல் நிழல் தெரியும். அந்த நிழலை மட்டும் வரையுங்கள், சுவரை வரைய வேண்டாம். மதியம் பன்னிரண்டு மணிக்கு அதே இடத்துக்குப் போனால் அங்கே வரைய ஒன்றுமே இருக்காது.